ரோபோ ஓடும் ஊர்ல புள்ளைங்க கையில் காந்தம் இருக்கா? தெருவிலேயே அறிவியல் மன்றம் தொடங்கலாம்: முழு விவரம்

ஸ்ரீபெரும்புதூர்:-

கார், கண்ணாடி, செல்போன் என்று எல்லாம் தயாராகும் ஊர் ஸ்ரீபெரும்புதூர். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தின் முகமே மாறிப்போனது.

அப்பா வெல்டிங் லைனில் நிற்கிறார். அம்மா செல்போன் பாகம் பூட்டுகிறார். வீட்டில் இருக்கும் புள்ளை, "மோட்டார் ஏன்ப்பா சுத்துது?" என்று கேட்டா, பதில் சொல்ல நேரம் இல்லை. ஷிப்ட் பஸ் வந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் கேட்டால், "பரீட்சைக்கு வராதுப்பா, விடு" என்று முடிந்துவிடுவதும் உண்டு. கேள்வி கேட்ட புள்ளை அதோடு வாயை மூடிக்கொள்கிறது.

அந்தக் கேள்விக்கு இடம் கொடுப்பதுதான் அறிவியல் மன்றம். இதற்குப் பெரிய கட்டிடம் தேவையில்லை. லட்சக்கணக்கில் பணமும் தேவையில்லை. தெருவில் உள்ள 15 புள்ளைங்க, பொறுமையான 2 பெரியவர்கள், வாரம் ஒன்றரை மணி நேரம் போதும்.

எதுக்கு இந்த வேலை?

"படிச்சா போதாதா, இதெல்லாம் எதுக்கு?" என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா செல்போன் உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் வேலைக்குச் சேர்ந்தார்கள். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. ஒரே ஒரு வேலையை மட்டும் கையில் கற்றுக்கொண்டவர்கள் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தார்கள்.

இயந்திரம் மாறும். கம்பெனி மாறும். இன்றைக்கு 5 பேர் செய்யும் வேலையை நாளைக்கு ஒரு ரோபோ செய்யும். பட்டனை எந்த நேரத்தில் அழுத்துவது என்று மட்டும் தெரிந்தவர் அப்போது மாட்டிக்கொள்வார். அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் அடுத்த இயந்திரத்தையும் கற்றுக்கொள்வார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தப் பழக்கம் புதிதாக வருவது கஷ்டம். 10 வயதில், 12 வயதில் வர வேண்டும்.

ஒரு ஷில்லிங் கதை

"இதெல்லாம் வசதியான வீட்டுப் புள்ளைங்களுக்குத்தான்" என்று நினைப்பவர்கள் மைக்கேல் பாரடே கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாரடே 1791-ல் இங்கிலாந்தில் பிறந்தார். அப்பா கொல்லர். குடும்பத்தில் வறுமை. எழுதப் படிக்கத் தெரிந்ததோடு பள்ளிப் படிப்பு நின்றது. 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகப் போனார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை எடுத்துப் படித்தார்.

1810-ல் லண்டனில் டேட்டம் என்பவர் தன் வீட்டில் மாலை நேரத்தில் அறிவியல் வகுப்பு நடத்தினார். ஒரு வகுப்புக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். பாரடேயிடம் அந்தக் காசு இல்லை. கொல்லர் வேலை பார்த்த அண்ணன்தான் கொடுத்து அனுப்பினார்.

இன்றைய பேச்சில் சொன்னால் அதுவும் ஒரு அறிவியல் மன்றம்தான். வேலைக்குப் போகும் பையன்கள் கூடி, கேட்டு, குறிப்பெடுத்து, விவாதித்த இடம்.

அந்தப் பையன் 1821-ல் மின்சாரத்தால் ஒரு கம்பியைச் சுற்ற வைத்தார். 1831-ல் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று கண்டுபிடித்தார். இன்று ஒரகடம் ஆலைகளில் சுற்றும் மோட்டார், வீட்டில் சுற்றும் மின்விசிறி, மின் நிலையத்து ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

அண்ணன் கொடுத்த ஒரு ஷில்லிங் வீண் போகவில்லை.

பிறகு பாரடே குழந்தைகளை மறக்கவில்லை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் அவரே பலமுறை பேசினார். ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்து 6 சொற்பொழிவு நடத்தினார். பொருள் சின்னதாக இருந்தாலும் அறிவியல் பெரிதாக இருக்கும் என்பதற்கு இது சாட்சி.

தமிழ்நாட்டில் துளிர் இல்லம்

தமிழ்நாட்டில் இது புதிது இல்லை. 1980-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் இயக்கம், ஊர் ஊராகக் குழந்தைகளுக்கு அறிவியல் மன்றங்களைத் தொடங்கியது. இவற்றுக்கு 'துளிர் இல்லம்' என்று பெயர். 1987-ல் இருந்து வரும் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் மாத இதழின் பெயர்தான் இது.

துளிர் இல்லம் என்றால் தனிக் கட்டிடம் என்று நினைக்க வேண்டாம். வீட்டுத் திண்ணை, மொட்டை மாடி, மரத்தடி, பள்ளி வராண்டா எதுவாகவும் இருக்கலாம். நடத்துபவரை 'சார்' என்று கூப்பிடாமல் 'அண்ணா', 'அக்கா' என்று கூப்பிட வைத்தாலே புள்ளைங்க பாதி பயத்தை விட்டுவிடும்.

அரசுப் பள்ளிகளிலும் வாய்ப்பு வந்துள்ளது. 2022 நவம்பர் 28-ந்தேதி திருச்சி காட்டூரில் 'வானவில் மன்றம்' திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 6-ம் வகுப்பு முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் மாணவ-மாணவிகளுக்காக, 13 ஆயிரத்து 210 அரசுப் பள்ளிகளில் செய்து பார்க்கும் அறிவியல், கணிதத்துக்காகக் கொண்டுவரப்பட்டது.

உங்கள் புள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், "வானவில் மன்றத்துல என்னம்மா செஞ்சீங்க?" என்று வீட்டில் கேளுங்கள். அங்கே பார்த்த சோதனையைத் தெரு மன்றத்தில் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். பள்ளியில் ஒருமுறை பார்த்தது தெருவில் கைப்பழக்கம் ஆகிவிடும்.

தொடங்குவது எப்படி?

முதலில் ஆள். அறிவியல் பட்டம் பெற்றவர்தான் வேண்டும் என்று இல்லை. ஐ.டி.ஐ. முடித்தவர், டிப்ளமோ படித்தவர், எலக்ட்ரீசியன், நர்ஸ், கல்லூரி மாணவி யாராக இருந்தாலும் சரி. "எனக்குத் தெரியல, வா சேர்ந்து பார்க்கலாம்" என்று கூச்சம் இல்லாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

எப்போதும் 2 பெரியவர்கள் இருப்பது நல்லது. அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் பெண் குழந்தைகளை வீட்டில் தயங்காமல் அனுப்புவார்கள். ஒருவருக்கு ஷிப்ட் மாறினாலும் மற்றவர் நடத்துவார். ஒரே ஆளை நம்பித் தொடங்கிய மன்றம், அந்த ஆள் இடம் மாறியதும் படுத்துவிடும்.

அடுத்தது இடம். சின்ன வீட்டுக்குள் 15 பேரை அடைக்க வேண்டாம். பள்ளி தலைமை ஆசிரியரிடமோ, ஊராட்சித் தலைவரிடமோ எழுதிக் கொடுத்து இடம் கேட்கலாம். நூலகம், சமுதாயக் கூடம் கிடைத்தால் நல்லது. நிழல், குடிதண்ணீர், பக்கத்தில் கழிப்பறை மூன்றும் வேண்டும்.

அடுத்தது நேரம். மூன்று ஷிப்ட் ஓடும் ஊரில் எல்லோருக்கும் ஒத்துவரும் நேரம் ஞாயிறு காலைதான். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள் தூங்கும் வீட்டுப் பக்கத்தில் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலையில் நடத்தினால் இருட்டும் முன்பு புள்ளைங்க வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலையைக் கடந்து வரும் குழந்தை இருந்தால் பெரியவர் துணை கட்டாயம்.

குழந்தைகள் 15 முதல் 20 பேர் வரை போதும். 5 பேருக்கு ஒரு குழு. பெற்றோரிடம் சம்மதக் கையெழுத்தும் செல்போன் நம்பரும் வாங்கி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று பல ஊரில் இருந்து வந்து வேலை பார்ப்பவர்களின் குழந்தைகளும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்களையும் சேருங்கள். காந்தம் இழுப்பதைப் பார்க்க மொழி தேவையில்லை. நம்ம புள்ளைங்க நாலு வார்த்தை இந்தி கற்கும், அவங்க புள்ளைங்க தமிழ் கற்கும்.

பொறுப்பு புள்ளைங்க கையில்

தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரையும் குழந்தைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒருமுறை பையன் தலைவர் என்றால் அடுத்தமுறை பெண் தலைவராக வரட்டும்.

செயலாளர் ஒவ்வொரு வாரமும் என்ன செய்தோம், என்ன நடந்தது, எது சரியாக வரவில்லை என்று எழுத வேண்டும். சரியாக வராததை மறைக்காமல் எழுதுவதுதான் முக்கியம். பொருளாளர் 10 ரூபாய் செலவுக்கும் கணக்கு எழுத வேண்டும்.

ஒன்றரை மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: முதல் 10 நிமிடம், இந்த வாரம் மனதில் வந்த கேள்விகள். அடுத்த 15 நிமிடம், "என்ன நடக்கும்னு நினைக்கிறே?" என்று ஊகம் சொல்லுதல். பிறகு 45 நிமிடம் கையால் செய்தல். கடைசி 20 நிமிடம், ஏன் அப்படி நடந்தது என்று பேசி நோட்டில் எழுதுதல்.

பெரியவர் பேசும் நேரம் குறைவாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு எடுத்தால் மூன்றாவது வாரம் ஒருத்தரும் வரமாட்டார்கள்.

முதல் மாதம் என்ன செய்யலாம்?

முதல் வாரம், மஞ்சள் காகிதம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காய வையுங்கள். அதில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் சிவப்பாகும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். குழம்புக் கறை பட்ட சட்டை சோப்பு போட்டதும் சிவந்து போவது ஏன் என்று அன்றைக்கே புரிந்துவிடும். சோப்பு காரம், எலுமிச்சை அமிலம்.

இரண்டாவது வாரம், மெழுகுவர்த்தி. பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் வெள்ளைப் புகை எழும். உடனே அந்தப் புகையில் தீக்குச்சியைக் காட்டினால் திரியைத் தொடாமலே தீ தாவிப் பிடிக்கும். அந்தப் புகையில் இருப்பது மெழுகின் ஆவி. எரிவது திரி மட்டும் இல்லை, மெழுகு ஆவியாகி எரிகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மூன்றாவது வாரம், மோட்டார். வைண்டிங் கடையில், "அண்ணே, காப்பர் கம்பி ஒரு மீட்டர் வேணும்" என்று கேட்டால் கிடைக்கும். ஒன்றரை வோல்ட் செல், 2 ஊக்கு, ரப்பர் பேண்ட், பழைய ஸ்பீக்கர் காந்தம் இருந்தால் போதும்.

கம்பியைச் செல்லின்மேல் 10 முதல் 15 சுற்று சுற்றி வளையமாக எடுங்கள். இரண்டு முனையும் எதிரெதிராக நீட்டி நிற்க வேண்டும். ஒரு முனையில் எனாமலை முழுவதும் சுரண்டுங்கள். மறு முனையில் வளையத்தை நிமிர்த்திப் பிடித்து மேல் பாதியை மட்டும் சுரண்டுங்கள். செல்லின் இரண்டு பக்கமும் ஊக்கை ரப்பர் பேண்டால் கட்டி, ஊக்கின் ஓட்டையில் முனைகளைச் செருகி, கீழே காந்தத்தை வைத்து லேசாகத் தட்டினால் வளையம் சுற்றும்.

மின்சாரம் ஓடும்போது வளையம் காந்தமாகிறது. கீழே இருக்கும் காந்தம் அதைத் திருப்புகிறது. பாதிச் சுற்றில் எனாமல் பக்கம் படும்போது மின்சாரம் நிற்கிறது. சுழன்ற வேகத்தில் மீதிப் பாதியைக் கடக்கிறது. இரண்டு முனையையும் முழுவதும் சுரண்டினால் வளையம் ஆடும், சரியாகச் சுற்றாது. அதையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அப்பா வேலை பார்க்கும் லைனில் இருக்கும் பெரிய மோட்டாருக்கும் இதே தத்துவம்தான்.

நான்காவது வாரம், தண்ணீர். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர், மழைத் தண்ணீர் என்று ஒரே மாதிரி பாட்டிலில் ஒரே அளவு எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சோப்புத் துருவலைப் போட்டுக் குலுக்குங்கள். சாதாரண குளியல் சோப்புதான் வேண்டும். டிடர்ஜெண்டில் வித்தியாசம் சரியாகத் தெரியாது. நுரை குறைவாக வருவது கடினத் தண்ணீர். சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் அதிகம் என்று அர்த்தம். நுரையை வைத்துக் குடிக்க நல்லதா, கெட்டதா என்று முடிவு கட்டக் கூடாது. அதற்கு ஆய்வகச் சோதனைதான் வேண்டும்.

நிழல் காணாமல் போகும் நாள்

ஸ்ரீபெரும்புதூருக்கு ஆண்டில் 2 நாள் விசேஷம். ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 தேதிகளை ஒட்டி, நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நேராக நிற்கும் கம்பத்தின் நிழல் தரையில் தெரியாது. ஏப்ரலில் பகல் 12 மணி 8 நிமிட அளவிலும், ஆகஸ்டில் 12 மணி 14 நிமிட அளவிலும் இதைப் பார்க்கலாம்.

ஒரு பாட்டிலை வெயிலில் நேராக நிறுத்தி, 11.45 மணியில் இருந்து 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலை அளந்து எழுதினால் போதும். ஒரு வாரம் முன்பும் பின்பும் அளந்தால் வித்தியாசம் தெரியும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டும் பார்க்கக் கூடாது.

மழையை அளக்கலாம்

2015 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க முடியாது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் என்ன ஆகும் என்று அப்போது எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். "நல்ல மழை" என்று வாயால் சொல்வதை, எத்தனை மில்லி மீட்டர் என்று புள்ளைங்களே அளந்து சொல்லலாம்.

நேரான பக்கம் உள்ள பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக அதன்மேலேயே கவிழ்த்து வையுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யம் என்று கோடு போடுங்கள். மேலே ஸ்கேல் அளவை ஒட்டுங்கள். திறந்தவெளியில் வைத்து தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதுங்கள். வானிலைத் துறை கணக்கெடுக்கும் நேரமும் அதுதான்.

ஒரு மில்லி மீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். 50 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 20 மில்லி மீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இந்தக் கணக்கு பெரியவர்களையும் யோசிக்க வைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 3 மாதம் எழுதிய நோட்டு ஊருக்கே ஆவணம் ஆகும்.

பணத்துக்கு என்ன வழி?

முதல் 3 மாதம் சில நூறு ரூபாயில் முடியும். காந்தம், செல், பூதக்கண்ணாடி, பலூன், ஸ்டிரா, தாள், நூல், கத்தரி போதும். அட்டைப்பெட்டியும் பாட்டிலும் வீட்டிலேயே கிடைக்கும். அர்விந்த் குப்தா என்ற பொறியாளர், புனேயில் லாரி தயாரிக்கும் டெல்கோ ஆலையில் வேலை பார்த்தவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்தே வடிவியல் கற்றுக்கொடுத்தார். குப்பையில் இருந்து பொம்மை செய்து அறிவியல் சொன்ன அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கம்பெனி உதவி கேட்கலாமா? 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ உள்ள நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் அடங்கும். ஆனால் பதிவு இல்லாத தெருக் குழுவுக்குப் பணமாகக் கிடைப்பது சிரமம். அரசுப் பள்ளி வழியாகவோ, பதிவு பெற்ற அமைப்பு வழியாகவோ கேட்பதே வழி.

ஒரே இடத்தை நம்பவும் கூடாது. நாடு முழுவதும் அறிவியல் மன்றங்களை ஒருங்கிணைத்து வந்த மத்திய அரசின் விக்யான் பிரசார் அமைப்பு 1989-ல் தொடங்கி 2023-ல் மூடப்பட்டது. சொந்தக் காலில் நின்ற மன்றத்தை அது பாதிக்காது.

போட்டிகள் உண்டு

10 முதல் 17 வயது வரை உள்ள குழந்தைகளுக்காக 1993-ல் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கப்பட்டது. உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, ஆய்வு செய்து, தாய்மொழியிலேயே சொல்லலாம். மழை நோட்டும் தண்ணீர் நோட்டும் இதற்கு நல்ல அடித்தளம். தேதி விவரத்தைப் பள்ளி அறிவியல் ஆசிரியரிடமோ, அறிவியல் இயக்கக் கிளையிலோ கேட்டுக்கொள்ளலாம்.

மத்திய அரசின் இன்ஸ்பயர்-மானக் விருதுக்குப் பள்ளி மூலம் புதிய யோசனையை அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்ய ரூ.10 ஆயிரம் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும்.

கடையில் காசு கொடுத்து மாடல் வாங்கிக் கண்காட்சியில் வைக்கும் பழக்கம் வேண்டாம். புள்ளை கையால் செய்து பாதி ஓடிய மோட்டார், கடையில் வாங்கிய பளபள எரிமலையைவிட மேல். நடுவர், "இது எப்படி வேலை செய்யுது?" என்று கேட்கும்போது வித்தியாசம் தெரிந்துவிடும்.

கண்டிப்பாகக் கூடாது

வீட்டு மின்சாரத்தில் எந்தச் சோதனையும் கூடாது. செல் மட்டும்தான். செல்போன் பேட்டரி, லேப்டாப் பேட்டரியைப் பிரிக்கவோ குத்தவோ கூடாது. தீப்பிடிக்கும்.

மோட்டார் சோதனையில் செல்லும் கம்பியும் சூடாகும். சுற்றாவிட்டால் உடனே கம்பியைக் கழற்றிவிட வேண்டும். ஆசிட், கழிப்பறை கழுவும் திரவம், பட்டாசு மருந்து வேண்டவே வேண்டாம்.

ஆலைக் கழிவில் கிடக்கும் எண்ணெய் பட்ட தகடு, டப்பா, ரசாயன டிரம்மை எடுத்து வரக் கூடாது. தண்ணீர் மாதிரி எடுக்க ஏரிக்குள் புள்ளைங்க இறங்கக் கூடாது. பெரியவர் கரையில் இருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். எந்த மாதிரியையும் வாயில் வைக்கக் கூடாது.

முதலுதவிப் பெட்டியும், ஒரு வாளித் தண்ணீரும் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு

பெண் குழந்தை வயதுக்கு வந்ததும் மன்றத்தில் இருந்து நிறுத்திவிடாதீர்கள். பிளஸ்-2 முடித்ததும் ஏதாவது ஒரு லைனில் ஒப்பந்த வேலைக்குப் போவது ஒரு வழி. அதே ஆலையில் தரம் பார்க்கும் பொறியாளராகப் போவது இன்னொரு வழி. இரண்டாவது வழிக்கான நம்பிக்கை, 12 வயதில் தானே சுற்றிய மோட்டார் ஓடும்போது வருகிறது.

புள்ளை வீட்டுக்கு வந்து மிக்சி ஏன் சுத்துது, குக்கர் ஏன் விசில் அடிக்குது என்று கேட்டால் எரிந்து விழாதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "ஞாயித்துக்கிழமை அக்காகிட்ட கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு" என்று சொல்லுங்கள். மன்றத்துக்கு நீங்கள் கொடுக்கும் பெரிய நன்கொடை அதுதான்.

சர் சி.வி.ராமன் தன் கண்டுபிடிப்பை அறிவித்த பிப்ரவரி 28-ந்தேதி, தேசிய அறிவியல் நாளாக 1987-ல் இருந்து கொண்டாடப்படுகிறது. அந்த நாளில் தெருவுக்கு நடுவில் ஒரு மேஜை போட்டு, ஆண்டு முழுவதும் செய்ததை ஊருக்குக் காட்டலாம். விளக்கிச் சொல்வது புள்ளைங்களாகவும், கேள்வி கேட்பது ஷிப்ட் முடித்து வந்த அப்பா-அம்மாவாகவும் இருக்க வேண்டும்.